துண்டு போட்ட இடம்

ஒரு கல்யாணக் கூட்டத்தை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டுப் பஸ் கிளம்பிப் போனால் என்ன சத்தம் கேட்குமோ, அந்தச் சத்தம். ஆண்கள் வைவார்கள். பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரோ யாரையோ குற்றம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஒரு குழந்தை அழும்.

அது பனிக்குள்ளிருந்து வந்தது.

தட்சிணாமூர்த்தி அப்போது இளவயதுக் கண்டக்டர். கோடிக்கரையில் ராத்தங்கும் வண்டி அவருடையது. விடிகிற நேரம். கடைசி நீள சீட்டில் படுத்திருந்தவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "ஓடாதீங்க, ஓடாதீங்க, வண்டி நிக்கிது! எல்லாருக்கும் இடம் இருக்கு!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினார்.

வெளியே ஒருவரும் இல்லை. உப்பளத்தின் மேல் பனி, வேட்டி காயப்போட்டதுபோல் கிடந்தது. சத்தம் தலைக்கு மேலே ஏறி, கடல் பக்கம் திரும்பி, தேய்ந்து, இல்லாமல் போனது.

டீக்கடையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பூநாரை."

"அத்தனை பேருமா?"

"பேரு இல்ல சார். பறவை."

வீட்டுக்குப் போனதும் மனைவி செங்கமலத்திடம் சொன்னார். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தூக்கத்துலயும் ஆள் ஏத்துறீங்களா?"

"கனவு இல்ல கமலம். காதால கேட்டேன்."

"கண்ணால பாத்தீங்களா?"

"பனி."

"அதானே."

"ஒரு நாளு உன்னையக் கூட்டிக்கிட்டுப் போயி, கேக்க வைக்கிறேனா இல்லையா பாரு."

கல்யாணக் கூட்டத்தைச் சொன்னார், வசவைச் சொன்னார். குழந்தை அழுததை மட்டும் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில்தான் அவர்கள் வீட்டு உத்தரத்திலிருந்து தூளியை அவிழ்த்திருந்தார்கள்.

ஒவ்வொரு மார்கழியிலும் "இந்த வருஷம் போறோம்" என்பார். வண்டி மாறியது. தடம் மாறியது. பிறகு ஒரு மகன் பிறந்தான், தங்கினான், படித்தான், சென்னைக்குப் போனான். கொடுத்த வாக்கு பரணில் ஏறி, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம் செங்கமலத்துக்குக் காது மந்தமானது. தஞ்சாவூர் டாக்டர், இடது காது போய்விட்டது என்றார். வலது காது போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

"எது வரைக்கும் போவும்?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி. பயணியிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி.

"இன்னும் ஒரு வருஷம் ஓடினா பெரிசு."

காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார். அது கீச்சென்று விசில் அடித்தது. செங்கமலம் அதைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"முப்பது வருஷமா நீங்க அடிச்ச விசிலு போதும்."

அன்றைக்குத்தான் வாக்கு பரணிலிருந்து இறங்கியது.

கோடிக்கரை என்றால் சும்மா போய் இறங்கிப் பார்த்துவிடுகிற கோயில் தேர் இல்லை. உப்பளமும் சதுப்பும் கண்ணுக்கெட்டிய தூரம். எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று தெரிந்தவர் வேண்டும். மயிலாடுதுறையில் புனிதவதி என்று ஒரு டீச்சர், பெண்கள் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை விட்டு, போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்றும், தை மாதம் மாணவர்களை வேனில் ஏற்றிக் கடலோரம் கொண்டுபோகிறார் என்றும் கேள்விப்பட்டார். மகன் அனுப்பிய கேமரா ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

டீச்சர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் அவரை "அண்ணே" என்பார். இவர் அவரை "டீச்சரம்மா" என்பார். குரு யார் சிஷ்யர் யார் என்பது பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்காது.

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது அவசரக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். மென்று முடிப்பதற்குள் பாதிக் கேள்விகள் தாமே செத்துவிடும். தட்சிணாமூர்த்தி என்பது கல்லால மரத்தடியில் வாய் திறக்காமல் உபதேசம் செய்த கடவுளின் பெயர். நம் தட்சிணாமூர்த்திக்கோ வாயை மூடினால் காது அடைக்கும். வகுப்பில் சேர்ந்து ஒரு மாதத்தில் அவருக்குச் சர்க்கரை ஏறியது.

முதல் நாளே கேட்டார்: "டீச்சரம்மா, பூநாரைச் சத்தம் நல்லாக் கேக்குற இடம் எது?"

"படம் எடுக்குற இடம்னு கேளுங்க அண்ணே."

"படத்த நீங்க எடுத்துக்குங்க. எனக்குச் சத்தம் போதும்."

டீச்சர் அவருடைய கேமராவைப் பார்த்தார். லென்ஸின் மூடி கழற்றப்படாமல் இருந்தது.

"சத்தம் யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு. காது போயிட்டிருக்கு. போறதுக்குள்ள கேக்க வைக்கணும்."

டீச்சர் பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார். அன்றைக்கு மிட்டாய் கிடைக்கவில்லை.

தை மாதம் வேன் கிளம்பியது. செங்கமலமும் வந்தாள், ஒரு தூக்குவாளி புளியோதரையோடு. இன்னொரு மாணவர் டாக்டர் ஜெபக்குமார், பல் டாக்டர். அவருடைய லென்ஸ் திருவிழா வெடிக்குழாய் அளவு இருந்தது. அதற்குத் தனி சீட்டு.

"அது டிக்கெட் எடுத்துச்சா?" என்று செங்கமலம் கேட்டாள். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது. டிரைவர் சிரித்ததில் வேன் வளைந்து நேரானது.

டாக்டர் போனில் எல்லா இடத்தையும் குறித்து வைத்திருந்தார். சூரியன் உதிக்கிற ஸ்பாட், அடைகிற ஸ்பாட், மான் ஸ்பாட். முதல் நாள் பகலெல்லாம் போன் சொன்ன வழியில் வேன் போனது. மான் ஸ்பாட்டில் ஒரு பசுமாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கு நன்றாகத் தெரிகிற ஸ்பாட்டில் எவரோ புதிதாகச் சுவர் எழுப்பி, அதில் சிமெண்ட் விளம்பரம் எழுதியிருந்தார்கள்.

"போன வருஷம் இங்க எடுத்த படத்துக்கு ஆயிரம் லைக்கு," என்றார் டாக்டர்.

"போன வருஷத்துக்கு வழி எப்படி டாக்டர்?" என்றார் டீச்சர்.

டாக்டர் போனைப் பார்த்தார். அதில் அது இல்லை.

சாயங்காலம் டீச்சர் தாமே வழி சொன்னார். உப்பளத்து ஓரம், வேன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மண்கரை நீருக்குள் நீண்டு போனது. அதன் முனையில் நின்று பார்த்தால், தூரத்தில் வானம் தண்ணீரைத் தொடுகிற இடத்தில், யாரோ குங்குமத்தைச் சிந்திவிட்டுத் துடைக்க மறந்ததுபோல் ஒரு கோடு. பூநாரைகள்.

காற்று திரும்பியபோது தட்சிணாமூர்த்திக்குக் கேட்டது. மிக லேசாக. அதே கல்யாணம், இரண்டு ஊருக்கு அப்பால்.

ஓடிப்போய்ச் செங்கமலத்தைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். மூட்டுவலியோடு அவள் பாதிக் கரை வந்து நின்றுகொண்டாள்.

"கேக்குதா?"

"என்னாது?"

"கேக்குதான்னு கேக்குறேன்!"

"நீங்க கத்துறது கேக்குது."

தட்சிணாமூர்த்தி டீச்சரிடம் திரும்பினார். "இன்னும் கிட்ட வரணும் டீச்சரம்மா. இந்தத் தூரம் பத்தாது."

"விடியக்காலையில கிட்ட மேய வரும் அண்ணே. கரை முனைதான் வசதி. நாளைக்கு நேரத்தோட வந்து நல்ல இடமாப் பிடிச்சுக்குங்க."

இடம் பிடிப்பதைப் பற்றித் தட்சிணாமூர்த்திக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் ஊரில் ஜன்னல் வழியாகப் பஸ்ஸுக்குள் விழுகிற துண்டுக்கு இருக்கிற மதிப்பு, பத்திரம் எழுதிப் பதிவு செய்த நிலத்துக்குக்கூடக் கிடையாது. துண்டு போட்டவனுக்கா சீட்டு, முண்டியடித்து ஏறி உட்கார்ந்தவனுக்கா என்று எத்தனை வழக்கு அவரிடம் வந்திருக்கிறது! எல்லா வழக்கிலும் ஒரே தீர்ப்புதான். "துண்டு வாயில்லாத ஜீவன்யா. அது பொய் சொல்லாது. எந்திரிய்யா."

எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் கரை முனைக்குத் திரும்பிப் போனார். ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் போர்த்திய சிவப்புத் துண்டு தோளில் இருந்தது. அதை விரித்து, நான்கு மூலைக்கும் மண்கட்டி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் கருக்கலோடு வந்து இறங்கினார்கள். செங்கமலம் வேனிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக அமைந்ததும் எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

கரை முனையில் சிவப்பாக எதுவோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மண்கட்டிகள் பனியில் கரைந்துபோயிருந்தன. நான்காவது மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, துண்டு கட்சிக் கொடி மாதிரிப் பறந்துகொண்டிருந்தது.

கரையைச் சுற்றித் தண்ணீர் காலியாக இருந்தது. ஒரு கொக்குகூட இல்லை. குங்குமக் கோடு நேற்றைவிடத் தள்ளிப்போய், இருக்கிறதோ இல்லையோ என்று இருந்தது.

"யாரு வேலை இது?" என்றார் டாக்டர்.

"இடம் பிடிச்சேன்," என்றார் தட்சிணாமூர்த்தி.

டீச்சர் கேட்டார்: "யாருகிட்டயிருந்து அண்ணே?"

"மத்த போட்டோக்காரங்ககிட்டயிருந்துதான்."

"ஒருத்தரும் வரலையே."

"துண்டைப் பாத்துட்டுப் போயிருப்பாங்க. துண்டுன்னா ஒரு பயம் இருக்கும்ல."

"பயந்துதான் போயிருக்காங்க," என்றார் டீச்சர். அடிவானத்தைக் காட்டினார்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அவ்வளவு பெரிய லென்ஸைத் தூக்கிட்டு வந்து நான் உங்க துண்டைத்தான் படம் எடுக்கணுமா?"

"எடுங்க. நல்ல துண்டு," என்றார் தட்சிணாமூர்த்தி. ஆனால் குரலில் பலம் இல்லை.

டீச்சர் துண்டை எடுத்தார். உதறி மடித்தார்.

"இரண்டு பேருக்குப் போட்டிருக்கீங்க."

"எனக்கும் கமலத்துக்கும்."

"அவங்க எங்க?"

"வேன்ல தூங்குறா. எல்லாம் தயாரானதும் எழுப்பலாம்னு…"

டீச்சர் துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்.

தட்சிணாமூர்த்திக்கு மனம் கேட்கவில்லை. பறவை வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தார். அவர் பத்தடி வைத்தால் பூநாரைகளும் பத்தடி வைத்தன. அவர் நின்றால் நின்றன. அவர் குனிந்தால் அவை கழுத்தை நிமிர்த்தின. அவற்றின் நடையில் ஒரு அவசரமும் இல்லை. டிக்கெட் எடுக்காத காலேஜ் பையன்கள் கண்டக்டர் முன்னே வர வர பின்படிக்கு நகர்வார்களே, அந்த நடை. ஒரு கட்டத்தில் அவர் சதுப்பில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

உச்சிப்பொழுதுக்குத் திரும்பி வந்தார். வேன் நிழலில் டீச்சரும் செங்கமலமும் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே வேலியோரத்தில் ஒரு வெளிமான் நின்று, முறுக்குக் கொம்பைச் சாய்த்து, தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் துள்ளி மறைந்தது.

"எவ்வளவு நேரமா நின்னுச்சு?"

"காலையிலேருந்து இங்கதான் சுத்துது," என்றாள் செங்கமலம். "பேசினா தலைய ஆட்டிக் கேக்குது. உங்க ஒரு கால் செருப்பு எங்க?"

"பறவைக்குக் கொடுத்துட்டேன்."

"என்னாது?"

"ஒண்ணுமில்ல!"

அவர் கீழே உட்கார்ந்தார். கேமராவைக் கழற்றி மடியில் வைத்தார். அதன் மூடி இன்னும் மூடித்தான் இருந்தது.

"டீச்சரம்மா, நாளைக்கு ஒரு காலைதான் பாக்கி. நெஜமாச் சொல்லுங்க. நல்ல இடம் எது?"

டீச்சர் கையைக் கழுவினார். "உங்க வண்டியில நல்ல இடம் எது அண்ணே?"

தட்சிணாமூர்த்திக்குக் களைப்பு பறந்துபோனது. "இடது பக்கம், மூணாவது ஜன்னல். டயர் தூக்கிப் போடாது. வெயில் அடிக்காது. காத்து மட்டும் வரும். படிக்குக் கிட்ட, ஆனா இடிபட வேணாம். ராஜா சீட்டு."

"அதுல நீங்க உக்காந்திருக்கீங்களா?"

"நான் உக்காந்தா டிக்கெட் யாரு போடுறது?"

"அவங்க?"

தட்சிணாமூர்த்தி மனைவியைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதுசு. எல்லாருக்கும் முன்னாடியே துண்டு போட்டு வச்சு, இவளை ஏத்தி உக்கார வச்சேன். அடுத்த நிறுத்தத்துல ஒரு புள்ளத்தாச்சி ஏறுச்சு. எந்திரிச்சுக் கொடுத்துட்டா. நாகப்பட்டினம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா."

"கோவம் வந்துச்சா?"

"வராதா? போட்ட துண்டு வீணாப்போச்சே!"

டீச்சர் பையில் கையை விட்டு ஒரு கடலை மிட்டாயை எடுத்தார். தட்சிணாமூர்த்தி சர்க்கரையை நினைத்தார். இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

செங்கமலத்துக்கு என்ன பேசுகிறார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. ஆனால் புள்ளத்தாச்சி என்பது எப்படியோ காதில் விழுந்திருந்தது.

"அந்தப் பொண்ணு ரெண்டு பேரு இடத்த அடைச்சுக்கிட்டு சிரிச்சிட்டே வந்துச்சு," என்றாள்.

கடைசி நாள் காலையில் பனி இறங்கிவிட்டது. தங்கியிருந்த அறை வாசலில் நின்றால் வேன் தெரியவில்லை. டாக்டர் ஜெபக்குமார் போர்வைக்குள்ளிருந்து, இந்தப் பனியில் லென்ஸ் வெறும் உலக்கை என்று சொல்லிவிட்டார். வெளுத்த பிறகு தாமே நடந்து வருவதாகச் சொன்னார்.

உப்பளத்துக்கு வந்ததும் தட்சிணாமூர்த்தி, "நீ வேன்லயே இரு கமலம். நான் போயி…" என்றார்.

"நான் இருக்க மாட்டேன். ரெண்டு நாளா இந்த டிரைவரு தம்பி குறட்டை."

"உனக்குத்தான் கேக்காதே?"

"கேக்காது. வேன் ஆடுதே."

மூவரும் மண்கரையில் நடந்தார்கள். முன்னால் டீச்சர், கையில் டீ பிளாஸ்க். தம் கேமராவை அவர் எடுத்து வரவில்லை. பின்னால் செங்கமலம், கணவரின் தோளைப் பிடித்தபடி. பாதிக் கரையில், ஒரு உடைந்த மதகுக்குப் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள். சேறும் உமரிச் செடியுமாகக் கிடந்த இடம். யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கிழிந்த சாக்கு.

"முடியலைங்க. முட்டி கழண்டு வந்துடும் போல. நான் இங்கயே உக்காருறேன். நீங்க போங்க."

தட்சிணாமூர்த்தி முனையைப் பார்த்தார். பனியில் முனை இல்லை. ஆனால் அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச தூரம்தான். இருந்ததில் அதுதான் நல்ல இடம். நேற்றுத் துண்டு கெடுத்தது. இன்றைக்கு முனையில் துண்டில்லை, காற்றில்லை, போட்டிக்கு ஆளில்லை. மத்தியானம் வேன் கிளம்பிவிடும். அடுத்த தைக்கு வரலாம். அவளும் வருவாள். அவளுடைய காது வராது.

"தூக்கிக்கிட்டுப் போவட்டுமா?"

"யாரு யார?"

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

செங்கமலம் ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்காரப் பார்த்தாள். சேறு சில்லென்றிருந்ததால் கையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். தட்சிணாமூர்த்தி தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். சேற்றின் மேல் போட்டார்.

"உக்காரு."

"நீங்க?"

"எனக்கு என்னிக்கு சீட்டு இருந்துச்சு?"

அவள் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில், வெறும் சேற்றில், வேட்டியோடு உட்கார்ந்தார். ஈரம் மெல்ல மேலே ஏறியது. முனையைப் பற்றி ஒருமுறை நினைத்தார். பிறகு நினைக்கவில்லை.

பேசாமல் இருந்தார்.

கொஞ்ச நேரம் பொறுத்து செங்கமலம் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

அவர் தலையை ஆட்டினார். டீச்சர் டம்ளரின் விளிம்புக்கு மேலே சிரித்தார்.

பனிக்குள் ஏதோ அசைந்தது. முதலில் வந்தவை கால்கள். உடம்பே இல்லாமல், நீளச் சிவப்புக் கால்கள் மட்டும், இரண்டிரண்டாக, தண்ணீரை அளப்பதுபோல் நடந்து வந்தன. பிறகு பனி கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. கால்களுக்கு மேலே உடம்புகள். உடம்புகளுக்கு மேலே கழுத்துகள். கழுத்துகள் வளைந்து தண்ணீருக்குத் திரும்பின. உடைந்த மதகு வழியாகக் கசிந்த நீரில் அவற்றுக்கு ஏதோ தீனி இருந்தது போலும். கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தன. மூக்கைத் தூக்கிய ஒன்று இவர்களைப் பார்த்தது. மூன்று மண்மேடுகள் என்று எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தது.

அவை தமக்குள் முனகிக்கொண்டிருந்தன. தட்சிணாமூர்த்திக்கு அது கேட்டது. செங்கமலத்துக்குக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவள் கண்கள்தான் விரிந்திருந்தன.

அவருக்கு ஒரு பயம் பிடித்தது. இவள் இப்போது பேசுவாள். இவள் பேசினால் கோடிக்கரைக்கே கேட்கும். வாயைப் பொத்தலாமா என்று கை பாதி வரை எழுந்தது. அப்படியே நின்றது. இறங்கிவிட்டது.

"ஏங்க!" என்றாள் செங்கமலம், முழுக் குரலில். "இதுங்களா!"

தண்ணீர் வெடித்தது.

அத்தனையும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன. பூநாரைக்கு நின்ற இடத்திலிருந்து எழும்பத் தெரியாது. தண்ணீரின் மேல் ஓடி ஓடித்தான் எழும்ப வேண்டும். ஆயிரம் கால்கள் தண்ணீரை அறைந்தன. சிறகுகள் விரிந்தபோது உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் வெளியே கொட்டின. ஆண்கள் வைதார்கள், பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோ யாரையோ குற்றம் சொன்னார்கள். மொத்தக் கல்யாணமும் அவர்கள் தலைக்கு மேலேயே கிளம்பிப் போனது. மேலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக மூவர் மேலும் விழுந்தது. டீச்சரின் டீயிலும் விழுந்தது.

செங்கமலம் வலது காதை வானத்துக்குக் கொடுத்து, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சத்தம் கடல் பக்கம் திரும்பித் தேய்கிற வரையில் அவள் நகரவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நாளாகியிருந்தது.

"நெசந்தாங்க. வுட்டுட்டுப் போன கல்யாணக் கூட்டந்தான்."

தம்மைத் திருப்திப்படுத்தத் தாம் சொன்னதையே அவள் திருப்பிச் சொல்கிறாளோ என்று தட்சிணாமூர்த்தி ஒரு கணம் நினைத்தார்.

அவள் முந்தானையால் முகத்து உப்பைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியில, தள்ளி, ஒரு கொழந்த அழுவுது பாத்தீங்களா?"

அதை அவர் அவளிடம் என்றைக்குமே சொன்னதில்லை.

பனி வெளுத்துக்கொண்டிருந்தது. கரையில் யாரோ ஓடி வருகிற சத்தம். டாக்டர் ஜெபக்குமார், இடுப்பில் லுங்கி, தோளில் வெடிக்குழாய்.

"மேல போச்சே! மேல போச்சே! எங்கேருந்து கிளம்புச்சு? எந்த ஸ்பாட்?"

தட்சிணாமூர்த்தி எதிரே இருந்த தண்ணீரைக் காட்டினார்.

டாக்டர் உடைந்த மதகைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். கிழிந்த சாக்கைப் பார்த்தார். "இதா? இது ஒரு இடமே இல்லையே!"

"இல்லதான்."

"படம் எடுத்தீங்களா?"

தட்சிணாமூர்த்தி மடியில் இருந்த கேமராவைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் அதன் மூடியைப் பார்த்துவிட்டு, எவனோ வாயே திறக்காமல் பல் பிடுங்கச் சொன்னது போன்ற வேதனையுடன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுக்கும் லொக்கேஷன் அனுப்புங்க," என்று சொல்லிக்கொண்டே கரை முனையைப் பார்த்து ஓடினார்.

செங்கமலம் எழுந்தாள். கணவர் கை கொடுத்தார். நாலாக மடித்த துண்டில் அவள் உட்கார்ந்த தடம் இருந்தது. சேறு ஊறி, சிவப்பு கறுத்திருந்தது. அவர் அதை உதறாமல் அப்படியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவர் நின்றார்.

"டீச்சரம்மா."

"சொல்லுங்க அண்ணே."

"இதே துண்டுதான். முந்தாநாள் சாயங்காலம் நல்ல இடமாப் பாத்துப் போட்டேன். ஒண்ணுகூட வரல. இன்னிக்கு ஒண்ணுக்கும் ஆவாத இடத்துல போட்டேன். மடியில வந்து மேயுது. அது ஏன்?"

டீச்சர் டம்ளரில் இருந்த உப்பு டீயைக் கீழே ஊற்றினார். பையில் கையை விட்டார். மிட்டாய் தீர்ந்துபோயிருந்தது.

"அன்னிக்குத் துண்டுல யாரும் உக்காரலையே அண்ணே," என்றார்.

தட்சிணாமூர்த்தி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மயிலாடுதுறை வந்து சேரும் வரை திறக்கவில்லை.

அந்த ஆடி பிறப்பதற்குள் செங்கமலத்துக்கு வலது காதும் நின்றுபோனது.